பழைய மொறிஸ் மைனரின் முன்விளக்குகள்: பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழிகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் சிலர் பழைய பிரித்தானியக் கார்களை வாங்கிப் பராமரித்து வருகிறார்கள். ஊரில் அப்பா ஓடிய கார், அல்லது சந்தியில் வாடகைக்கு நின்ற கார் என்ற ஞாபகமே பெரும்பாலும் அதற்குக் காரணம். அவற்றுள் மொறிஸ் மைனருக்குத் தனி இடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. ஒஸ்ரின் ஏ40ஐப் போல மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்து வீதிகளில் நீண்ட காலம் ஓடியது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடியவையும் இந்தப் பழைய கார்கள்தான்.

இந்தக் கார்களின் எஞ்சினைப் பற்றிப் பேச ஆட்கள் பலர் இருக்கிறார்கள். வயரிங் என்றதும் பலரும் கையை விரித்து விடுகிறார்கள். ஆனால் இரவில் உயிரோடு விளையாடுவது வயரிங்தான். சென்ற மாரியில் ஒரு கலியாண வீட்டிலிருந்து கென்ற் பக்கத்து ஒடுங்கிய வீதியால் வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. எதிரே ஒரு கார் வந்தது. லைற்றைத் தாழ்த்தக் காலால் அழுத்தினோம். இரண்டு முன்விளக்குகளும் ஒன்றாக அணைந்து போயின. பின் சீற்றில் பிள்ளைகளும் அம்மம்மாவும் இருந்தார்கள். மறுபடி இரண்டு தடவை அழுத்திய பிறகுதான் வெளிச்சம் வந்தது. அடுத்த வாரம் கராஜில் கொடுத்தோம். இரண்டு முன்விளக்குகளையும் மாற்றிக் காசு வாங்கினார்கள். இரண்டு கிழமையில் அதே பிழை திரும்ப வந்தது. அதன் பின்னர்தான் நாமாகவே படித்து, அளந்து, பிழையைக் கண்டுபிடித்தோம். அப்படி அறிந்துகொண்டவற்றை ஒழுங்காக இங்கே தருகிறோம். இங்கே சொல்வது மொறிஸ் மைனர் பற்றியது என்றாலும், அதே காலத்து ஒஸ்ரின், எம்ஜி, ட்றயம்ப் கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அவற்றிலும் லூக்காஸ் நிறுவனத்தின் மின் பாகங்களே பெரும்பாலும் இருந்தன.

மின்சாரம் போகும் பாதை

பாதை தெரியாமல் பிழை தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போன்றது. மொறிஸ் மைனரில் பாதை இதுதான். பற்றரியிலிருந்து வரும் மின்சாரம் ஸ்ராட்டர் சுவிற்சின் முனையில் இருந்து மண்ணிற வயரால் டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து நீலக்கோடு போட்ட மண்ணிற வயரால் டாஷ்போர்ட்டில் உள்ள லைற் சுவிற்சுக்குப் போகிறது. லைற் சுவிற்சில் இருந்து தனி நீல வயர் புறப்பட்டு, கிளச்சுக்குப் பக்கத்தில் காலால் அழுத்தும் டிப் சுவிற்சுக்கு வருகிறது. டிப் சுவிற்சில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வெள்ளைக்கோடு போட்ட நீல வயர் மெயின் வெளிச்சத்துக்கு. சிவப்புக்கோடு போட்ட நீல வயர் தாழ் வெளிச்சத்துக்கு. இவை காரின் முன்பக்கத்தில் சிறிய உருளைக் கனெக்ரர்களில் இடம் வலம் என்று பிரிந்து, விளக்குகளுக்குப் போகின்றன. விளக்கில் இருந்து கறுப்பு வயர் காரின் உடலோடு சேர்கிறது. அதுதான் எர்த். உடல் வழியாக மின்சாரம் பற்றரிக்குத் திரும்புகிறது. சிவப்பு வயர்கள் பார்க் லைற்றுக்கும் பின் லைற்றுக்கும் உரியவை.

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, முன்விளக்குகளின் பாதையில் கம்பனி பியூஸ் எதுவும் வைக்கவில்லை. பியூஸ் பெட்டியில் உள்ள இரண்டு பியூஸும் வேறு வேலைகளுக்கு. எனவே லைற் எரியவில்லை என்றதும் பியூஸைப் பார்ப்பதில் பயனில்லை. அத்தோடு, முன்விளக்கு வயர் எங்காவது உரசி உடலில் பட்டால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். இரண்டாவது, இந்தக் கார்கள் பொசிற்றிவ் எர்த் முறையில் செய்யப்பட்டவை. அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் இது மறுபக்கம். சில கார்களைப் பழைய உரிமையாளர்கள் மாற்றியிருப்பார்கள். உங்கள் காரில் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

தேவையான சாமான்கள்

சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று, 12 வோல்ற் பல்ப் போட்ட ரெஸ்ற் லாம்ப் ஒன்று, மெல்லிய மண்கடதாசி, சிறு கம்பித் தூரிகை, நீளமான வயர் ஒன்று. இவ்வளவு போதும். அளக்கும்போது பற்றரி இணைந்திருக்க வேண்டும். கழற்றிப் பூட்டும்போது பற்றரியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது முதலில் உடலோடு இணைந்த முனையைக் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். மறு முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி உடலில் பட்ட கணத்திலேயே ஷோட் ஆகிவிடும். மோதிரம், மணிக்கூடு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் அறிகுறியைக் கேளுங்கள்

வைத்தியர் ஊசியை எடுக்க முதல் என்ன செய்கிறது என்று கேட்பார் அல்லவா? காரிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். எந்த விளக்கு, எந்த வெளிச்சம், எப்போது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு பக்கத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் இல்லை என்றால், அந்தப் பல்பின் இழை அறுந்திருக்கலாம். அல்லது அந்த விளக்குக்குப் போகும் ஒரு வயரில் பிழை. பல்பை மறுபக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிழை பல்போடு சேர்ந்து போனால் பல்ப்தான். அதே பக்கத்தில் நின்றால் வயர்.

இரண்டு பக்கத்திலும் மெயின் மட்டும் இல்லை, அல்லது தாழ் வெளிச்சம் மட்டும் இல்லை என்றால், பிழை டிப் சுவிற்சில் அல்லது அதிலிருந்து முன்னுக்கு வரும் அந்த ஒரு வயரில் இருக்கிறது. இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் ஒரே இழையில் போவது அபூர்வம்.

பார்க் லைற் எரிகிறது, ஆனால் முன்விளக்கு ஒன்றும் எரியவில்லை என்றால், லைற் சுவிற்சின் முன்விளக்குத் தொடுகை, நீல வயர், டிப் சுவிற்ச் ஆகிய மூன்றில் ஒன்று. எமக்கு நேர்ந்தது இதுதான்.

பார்க் லைற்றும் இல்லை, முன்விளக்கும் இல்லை என்றால் இன்னும் பின்னுக்குப் போக வேண்டும். மண்ணிற வயர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனைகள், பற்றரி முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தாழ் வெளிச்சம் போட்டால் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக மஞ்சளாக எரிகிறது, அதோடு டாஷ்போர்ட்டில் மெயின் எச்சரிக்கை விளக்கும் மினுங்குகிறது என்றால், அந்தப் பக்கத்து எர்த் போய்விட்டது. காரணம் சுவாரசியமானது. எர்த் இல்லாதபோது மின்சாரம் அந்தப் பல்பின் தாழ் இழைக்குள் நுழைந்து, அதே பல்பின் மெயின் இழை வழியாகப் பின்னோக்கி வெளியேறி, மறுபக்க விளக்கின் மெயின் இழையூடாக எர்த்தைத் தேடிப் போகிறது. மூன்று இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் வெளிச்சம் எப்படி வரும்? இதை அறியாமல் பல்ப் மாற்றிக்கொண்டே இருந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் இரண்டு விளக்கும் மங்கி, வேகமெடுத்தால் பிரகாசமாவது பிழையல்ல. டைனமோ குறைந்த வேகத்தில் சார்ஜ் பண்ணாது. அப்போது பற்றரி மட்டுமே வேலை செய்கிறது.

பல்புகள் அடிக்கடி அறுந்து போனால் பல்பைத் திட்ட வேண்டாம். ஓடும்போது பற்றரி முனைகளில் வோல்ற்றை அளவுங்கள். லைற் போட்டபடி நடுத்தர வேகத்தில் 14.5 வோல்ற்றுக்கு மேல் போனால் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சரிபார்க்க வேண்டும். வோல்ற் ஐந்து வீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

விளக்கு எரிந்தபடி அளப்பது ஏன் முக்கியம்

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு வயரின் நுனியில் அளப்பார்கள். மீற்றர் 12 வோல்ற் காட்டும். வயர் நல்லது என்று முடிவெடுப்பார்கள். இது பிழையான முடிவு. மின்சாரம் ஓடாதபோது துருப்பிடித்த கனெக்ரரும் 12 வோல்ற் காட்டும். ஓடத் தொடங்கினால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 60 வாற் பல்ப் ஒன்று 12 வோல்ற்றில் 5 அம்பியர் எடுக்கும். இரண்டும் சேர்ந்து 10 அம்பியர். பாதையில் எங்காவது ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால், அந்த இடத்தில் 1 வோல்ற் தொலைந்து போகும். 10 வாற் சூடாக அங்கேயே வெளிப்படும். மண்ணிறமாகக் கருகிய கனெக்ரரைப் பார்த்தால் காரணம் இதுதான். வெளிச்சம் வோல்ற்றோடு ஒப்பிட மிக வேகமாகக் குறையும். பல்புக்குப் போகும் வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். இதனால்தான் பழைய காரின் லைற் மெழுகுதிரி போல இருக்கிறது என்று எம்மவர் சொல்வது.

ஆகவே விளக்கு எரிந்தபடியே அளவுங்கள். மல்ரிமீற்றரை டிசி வோல்ற்றில் வையுங்கள். மெயின் வெளிச்சத்தைப் போடுங்கள். ஒரு முள்ளைப் பற்றரியின் உடலோடு சேராத முனையிலும், மற்ற முள்ளைப் பல்பின் மெயின் முனையிலும் வையுங்கள். மீற்றர் காட்டுவது வரும் வழியில் தொலைந்த வோல்ற். அரை வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. பின்னர் ஒரு முள்ளைப் பல்பின் எர்த் முனையிலும், மற்றதைப் பற்றரியின் உடலோடு சேர்ந்த முனையிலும் வையுங்கள். இது திரும்பும் வழியில் தொலைந்தது. 0.2 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். மீற்றரில் சைபர் முன் கழித்தல் குறி வந்தால் பயப்பட வேண்டாம், முட்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

வரும் வழியில் கூடத் தொலைகிறது என்றால், பற்றரியில் வைத்த முள்ளை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற முள்ளைப் படிப்படியாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். முன்பக்கக் கனெக்ரர், டிப் சுவிற்சின் வெளி முனை, டிப் சுவிற்சின் உள் முனை, லைற் சுவிற்சின் இரு முனைகள், கட்டுப்பாட்டுப் பெட்டி என்ற ஒழுங்கில் போங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு இடையில் இலக்கம் திடீரென்று குறைகிறதோ, பிழை அந்த இரண்டுக்கும் இடையில். எமது காரில் டிப் சுவிற்சின் உள் முனையில் 0.4 வோல்ற்றும் வெளி முனையில் 3.6 வோல்ற்றும் காட்டியது. அந்தச் சிறிய சுவிற்ச் ஒன்றே மூன்று வோல்ற்றுக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு புது முன்விளக்குக்குக் கொடுத்த காசு வீண்.

வழக்கமாகப் பிழை வரும் இடங்கள்

எர்த் முனை: மொறிஸ் மைனரின் முன்விளக்குக் கிண்ணங்களின் பின்புறம் சில்லுப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. மழைநீர், சேறு, மாரிகாலத்தில் வீதிக்குப் போடும் உப்பு எல்லாம் அங்கே வந்து அடிக்கும். பிரித்தானியா, கனடா, நோர்வே போன்ற நாடுகளில் இருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நீளமான வயரின் ஒரு நுனியைப் பல்பின் எர்த் முனையிலும் மறு நுனியைப் பற்றரியின் எர்த் முனையிலும் பிடியுங்கள். வெளிச்சம் உடனே கூடினால் பிழை பிடிபட்டது. கறுப்பு வயர் உடலோடு சேரும் இடத்தில் பெயின்றையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் பூட்டி, மேலே வசலின் பூசுங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த கார்களில் எர்த் போவது மிகச் சாதாரணம். பெயின்ற் மின்சாரத்தைக் கடத்தாது.

உருளைக் கனெக்ரர்கள்: முன்பக்கத்தில் உள்ள இவை அறுபது வருடம் ஈரம் குடித்தவை. ஒவ்வொன்றாக இழுத்து, உருளையை மண்கடதாசியால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே உள்ள உறை பச்சை பிடித்திருந்தால் தேய்த்துக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு. உருளையை வயரோடு ஈயம் வைத்து ஒட்டுவது நல்லது.

டிப் சுவிற்ச்: தரையில் இருப்பதால் சப்பாத்தில் வரும் மழைநீர் எல்லாம் அதற்குள்தான் போகிறது. லைற் எரிந்தபடி காலால் பலமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் தயங்காமல் மாற வேண்டும். இடையில் இரண்டும் அணைந்து நின்றால் சுவிற்சை மாற்றுங்கள். திறந்து சுத்தம் செய்யலாம், ஆனால் உள்ளே உள்ள ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தால் பிழை திரும்ப வரும். இருட்டில் எதிரே வாகனம் வரும் கணத்தில்தான் இந்தச் சுவிற்ச் வேலை செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

லைற் சுவிற்ச்: கொஞ்ச நேரம் எரிந்த பின் அணைந்து, ஆறிய பின் மறுபடி எரிந்தால் பெரும்பாலும் இதன் தொடுகை அல்லது முனை சூடாகிறது. பத்து நிமிடம் எரிய விட்டு, பின்பக்கத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சரியில்லை.

றிலேயும் பியூஸும் போடலாமா?

போடுவது நல்லது. இரவில் குடும்பத்தோடு ஓடும் காருக்கு அவசியம் என்றே சொல்வோம். றிலே போட்டால் பழைய சுவிற்சுகளினூடாக 10 அம்பியருக்குப் பதிலாகக் கால் அம்பியருக்கும் குறைவாகவே ஓடும். விளக்குக்குத் தேவையான மின்சாரம் பற்றரிப் பக்கத்திலிருந்து குறுகிய புது வயரால் நேரே வரும். மெயினுக்கு ஒரு றிலே, தாழ் வெளிச்சத்துக்கு ஒரு றிலே. றிலேயின் 30ஆம் முனைக்குப் பற்றரியிலிருந்து வரும் வயர், 87ஆம் முனையில் இருந்து விளக்குக்கு, 85, 86 ஆகிய முனைகளில் ஒன்றுக்குப் பழைய நீலக்கோட்டு வயர், மற்றதற்கு எர்த். வயர் 2 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பொசிற்றிவ் எர்த் காரென்றால் உள்ளே டயோட் வைத்த றிலேயை வாங்க வேண்டாம், அது திசை பார்க்கும். சாதாரண றிலேக்குத் திசை இல்லை.

பியூஸ் போடும்போது நான்கு இழைக்கும் தனித்தனியாக 10 அம்பியர் போடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பியூஸ் போட்டால், ஒரு பக்கத்தில் ஷோட் வந்ததும் இரண்டும் அணைந்து முழு இருட்டாகிவிடும். தனித்தனி என்றால் ஒரு கண்ணாவது மிஞ்சும். இன்னொரு எச்சரிக்கை. பழைய லூக்காஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அதற்குப் பதில் இன்றைய 35 அம்பியர் பியூஸைப் போட்டால், பியூஸ் எரிய முதல் வயர் எரிந்துவிடும்.

அதிக வெளிச்சத்துக்கு ஆசைப்படுபவர்களுக்கு

100 வாற் பல்ப் போடுவது பிழை. இரண்டும் சேர்ந்து 16 அம்பியருக்கு மேல் எடுக்கும். பழைய வயரும் சுவிற்சும் அதைத் தாங்கா. டைனமோவின் கணக்கையும் பாருங்கள். பிற்கால மொறிஸ் மைனரின் டைனமோ உச்சமாகத் தருவது 22 அம்பியர். முன்விளக்குக்கு 10, பார்க் லைற் பின் லைற்றுக்கு 2.5, இக்னிஷனுக்கு 3 அல்லது 4, வைப்பருக்கு 2 அல்லது 3. மழை இரவில் 19.5 அம்பியர் வரை ஏற்கனவே போய்விடுகிறது. மிச்சம் அதிகமில்லை. இழப்பைத் திருத்தினால் சாதாரண 60/55 வாற் ஹலோஜன் பல்பே போதிய வெளிச்சம் தரும்.

எல்இடி பல்ப் குறைந்த மின்சாரம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் பல எல்இடி பல்புகள் பொசிற்றிவ் எர்த்தில் வேலை செய்யா. பழைய கண்ணாடிக்கு ஏற்றபடி ஒளி விழாமல் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதும் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

விளக்கு மாற்றும்போது நாட்டையும் கவனியுங்கள். பிரித்தானியாவில் இடப்பக்கம் ஓடுகிறோம், தாழ் வெளிச்சம் இடப்பக்கம் சரிய வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வேயில் வலப்பக்கம். இங்கிலாந்தில் இருந்து காரை அங்கே கொண்டு போனவர்கள் இதை மாற்றாமல் ஓடினால், எதிரே வருபவருக்குக் கண் தெரியாது.

சோதனைக்கு விலக்கு, பொறுப்புக்கு விலக்கு இல்லை

பிரித்தானியாவில் 2018 மே மாதத்தில் இருந்து, நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. சிலர் இதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கார் வீதிக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும் என்ற கடமை அப்படியே இருக்கிறது. ஆபத்தான நிலையில் ஓடினால் 2,500 பவுண்ஸ் வரை தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளிகளும் வரலாம். வேறொருவர் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவில்லை என்றால், நாம்தான் பார்க்க வேண்டும்.

எனவே வருடத்தில் ஒருநாள், மாரி தொடங்க முதல், புரட்டாதி அல்லது ஐப்பசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எர்த் முனைகள், முன்பக்கக் கனெக்ரர்கள், டிப் சுவிற்ச், பற்றரி முனைகள். பின்னர் விளக்கு எரிந்தபடி இரண்டு அளவு. எடுத்த இலக்கங்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இலக்கம் கூடியிருந்தால், விளக்கு அணைய முதலே பிழை தெரிந்துவிடும்.

இந்த வேலைக்குப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒருவர் உள்ளே இருந்து சுவிற்சை அழுத்த, மற்றவர் வெளியே மீற்றரைப் பிடிக்க வேண்டும். தனி ஆளால் முடியாது. ஊரில் இப்படியான கார் ஓடிய ஐயாமார் உங்கள் வீட்டில் இருந்தால் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். மீற்றர் இல்லாத காலத்தில் ஒரு பல்பையும் இரண்டு வயரையும் வைத்துப் பிழை பிடித்தவர்கள் அவர்கள். எமது டிப் சுவிற்சைக் கழற்றியபோது, அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்த எமது பெரியப்பா, "இதுக்குள்ள தண்ணி போயிட்டுது, மாத்து" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். மீற்றர் சொன்னதையேதான் அவரும் சொன்னார். புதுச் சுவிற்ச் போட்ட பிறகு கென்ற் வீதியால் பலமுறை இரவில் வந்துவிட்டோம். லைற் இதுவரை அணையவில்லை. சப்பாத்தின் ஈரம் படாமல் சுவிற்சுக்கு மேல் ஒரு சிறிய றப்பர் துண்டும் போட்டிருக்கிறோம்.